ஜப்பான் கடையில் நம்ம உடம்புக்கு டிரெஸ் தேடின கதைகள்

நிஷிகசாய், டோக்கியோ

மகளுக்குப் போன ஏப்ரல்ல ஒண்ணாங்கிளாஸ். இங்க பள்ளிக்கூடம் சேர்றதே ஒரு விழா, நியூகாகுஷிகின்னு பேரு. பிள்ளைங்க முதுகுல பெட்டி மாதிரி அந்தத் தோல் பையை மாட்டிக்கிட்டு நிற்கும். அம்மாக்கள் கிரீம் கலர், நேவி ப்ளூன்னு கோட்டும் பாவாடையுமா வருவாங்க. நான் பட்டுப்புடவைதான் கட்டுவேன்னு சொல்லியிருந்தேன். "நீ மட்டும் வேற மாதிரி இருப்பே"ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டா. சரி, ஆறு வயசுக்கு அது பெரிய கவலைதானேன்னு கிளம்பினேன்.

பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர், பேர் வேண்டாம். எனக்கு மார்புச் சுற்று 100, உயரம் 156. இங்க ஃபார்மல் துணிக்கு எஸ், எம் கிடையாது, நம்பர்தான். 9-ன்னா மார்பு 83. அங்கேருந்து 11, 13, 15-ன்னு ஒவ்வொரு படிக்கும் மூணு சென்டிமீட்டர் கூடும். 15-ல 92. அதுக்கு மேல நாலு நாலா ஏறி 17-ல 96, 19-ல 100. ஆக நான் 19. தொங்கினதெல்லாம் 7-லேருந்து 13 வரைக்கும்தான். கேட்டதும் அந்தப் பொண்ணு உள்ள ஓடிப்போய் ஒரு 15 கொண்டாந்தா.

போட்டுப் பார்க்கிற அறைக்குச் செருப்பக் கழட்டிட்டுதான் ஏறணும். கூடவே மெல்லிசா ஒரு வெள்ளைப் பை குடுப்பாங்க. மேக்கப் துணியில ஒட்டாம இருக்க அதைத் தலையோட கவுத்துக்கணும். கவுத்துக்கிட்டேன். வலது கை ஜாக்கெட்டுக்குள்ள முழங்கைக்கு மேல போய் நின்னுடுச்சு. உள்ளேயும் போகல, வெளியவும் வரல. முகத்துல பை, ஒரு கை கைதி. திரைக்கு வெளிய அந்தப் பொண்ணு தேன் மாதிரி குரல்ல "எப்படி இருக்குது?"ன்னு கேட்குது. நான் பைக்குள்ளேருந்து என்னத்தைச் சொல்ல!

ஒருவழியா வெளிய வந்தப்ப அவ குனிஞ்சு சொன்னா, "இந்த மாடலைக் கொஞ்சம் சின்னதா தைச்சிருக்காங்க, மன்னிக்கணும்." ஊர்ல ஜவுளிக்கடைன்னா "உங்க சைஸ் இல்லக்கா"ன்னு பட்டுன்னு முடிஞ்சிருக்கும். இவ பழியைத் துணி மேல போட்டுட்டு மன்னிப்பும் கேட்டுட்டா. எது தேவலைன்னு இன்னும் எனக்கு முடிவாகல.

கடைசியில நிஸ்ஸென் கம்பெனியோட ஸ்மைல்லேண்ட்ல ஆர்டர் பண்ணேன். பெரிய சைஸுக்குன்னே இருக்கிற பிரிவு அது, 10எல் வரைக்கும் போகும். வந்த ஜாக்கெட்டுல பொத்தானும் மாட்ட முடிஞ்சது, மூச்சும் விட முடிஞ்சது. உங்க கதைகளையும் சொல்லுங்க.

சைத்தாமா

அக்கா, அந்தப் பையை நானும் ஒரு தடவை கண்ணாடியில பார்த்துப் பயந்திருக்கேன் 😂

ஒரு வார்த்தை சொல்றேன், எல்லாரும் கத்துக்குங்க: மிஹாபா. துணியைத் தரையில விரிச்சு, ஒரு அக்குள்லேருந்து இன்னொரு அக்குள் வரைக்கும் அளக்கிற அகலம் அது. ரெண்டால பெருக்குனா சட்டையோட சுற்று. மெர்காரின்னு பழைய பொருள் விக்கிற ஆப்ல துணி விக்கிறவங்க பலரும் சென்டிமீட்டர்ல இதைப் போட்டிருப்பாங்க. தோள் அகலம் கதாஹாபா, நீளம் கிதாகே. மூணு எழுத்தையும் அடையாளம் தெரிஞ்சுக்கிட்டா ஜப்பானிய மொழி சுத்தமா தெரியலைன்னாலும் பிழைச்சுக்கலாம்.

நான் ஏமாந்தது எங்கன்னா, புதுத்துணி டேபிள்ல "எல், மார்பு 86 முதல் 94"ன்னு போட்டிருப்பாங்க. அது உடம்போட அளவு, துணியோட அளவு இல்ல. அதை வெறும் உடம்பு அளவுன்னு 'நூடோ'ன்னு குறிப்பாங்க. தைச்சு முடிச்ச துணியோட அளவு 'ஷிஆகாரி'. இது ரெண்டையும் குழப்பிக்கிட்டு எனக்கு எல் பத்தாதுன்னு ஒரு வருஷம் கூடாரம் மாதிரி சட்டை வாங்கிப் போட்டேன். எல்எல் 93-லேருந்து 101, 3எல் 100-லேருந்து 108. இதை எழுதி பீரோ கதவுல ஒட்டி வச்சிருக்கேன்.

'ஃப்ரீ சைஸ்'னு எழுதியிருந்தா மட்டும் நம்பாதீங்க. அது யாருக்கு ஃப்ரீன்னு அவங்க சொல்றதே இல்ல.

ஷின்ஜுகு, படிக்க வந்தவள்

நான் லோலிட்டா ஃபேஷன் உடுத்துற ஆளு. பேரை வச்சுத் தப்பா நினைக்காதீங்க. லேஸு, ஃபிரில்லு, குடை மாதிரி விரிஞ்ச பாவாடை, அவ்வளவுதான். ஊர்ல படத்துல பார்த்து ஏங்கிட்டிருந்தவ, வந்த முதல் ஞாயித்துக்கிழமையே அந்தக் கடைங்க இருக்கிற ஹராஜுகு பக்கம் ஓடினேன். கடைக்குள்ள போய் தொட்டுப் பார்த்துட்டு, விலையையும் பார்த்துட்டு, கையில ஏறாதுன்னு நானே முடிவு பண்ணிட்டு வந்துட்டேன். போட்டுக்கூடப் பார்க்கல. அதை நினைச்சா இப்பவும் எரிச்சலா வரும்.

அப்புறம் கூடப் படிக்கிறவ ஒருத்திதான் கவுனோட முதுகைத் திருப்பிக் காட்டினா. நடுவுல பட்டையா, வரிவரியா எலாஸ்டிக் சுருக்கு. ஷர்ரிங். இது இருந்தா மார்புக்கும் இடுப்புக்கும் ரெண்டு நம்பர் போட்டிருப்பாங்க: இதுலேருந்து இதுவரைக்கும்னு. ஒரே நம்பர் இருந்தா இழுபடாதுன்னு அர்த்தம், கடந்து போயிடுங்க. பாவாடைக்குள்ள பெட்டிகோட் வச்சு மணி மாதிரி தூக்கிடறதால தொடை, பின்பக்கம் எதுவும் பிரச்சனையே இல்ல. இடுப்புக்குக் கீழ நீங்க யாருன்னு யாருக்கும் தெரியாது! சிக்கல் உள்ள போடுற பிளவுஸ்லதான், அதுவும் புஜத்துல. கையில்லாத ஜம்பர் ஸ்கர்ட்டா வாங்கிட்டு பிளவுஸ மட்டும் ஊர்ல அம்மாவோட டெய்லர்கிட்ட தைக்கச் சொல்லிட்டேன். படத்தைப் பார்த்துட்டு அவரு கேட்ட ஒரே கேள்வி, "பாப்பாவுக்கு நாடகமா?"

யோகோஹாமா

இங்க குண்டுன்னு யாரும் நேரா சொல்ல மாட்டாங்க, 'பொச்சாரி'ன்னுதான் சொல்வாங்க. கொழுகொழுன்னு, செல்லமா. 2013-ல பொச்சாரிப் பெண்களுக்குன்னே லா ஃபார்ஃபான்னு பத்திரிகை வந்தது. 'மார்ஷ்மெல்லோ பெண்கள்'னு பேர் வச்சாங்க. எனக்கு அந்தப் பேர் பிடிக்கல. என்னை மிட்டாய்னு கூப்பிட்டாத்தான் சட்டை தைப்பீங்களா? ஆனா பத்திரிகை பிடிச்சது. மாடலோட உயரம், எடை, சைஸ் எல்லாம் பக்கத்துலயே இருக்கும்.

அடுத்த வருஷம் வதனபே நவோமிங்கிறவங்க புன்யூஸ்னு ஒரு பிராண்டு ஆரம்பிச்சாங்க. பாடகி பியான்சே மாதிரி ஆடிப் பேர் வாங்கின நகைச்சுவை நடிகை. கடையை எங்க வச்சாங்க பாருங்க: ஒல்லிக் குச்சிப் பொண்ணுங்களோட கோட்டையா இருந்த ஷிபுயா 109-ங்கிற ஃபேஷன் கட்டடத்துல. அங்க நான் எடுத்த டிஷர்ட் கருப்பு இல்ல, நேவி ப்ளூ இல்ல, மஞ்சள்.

ஒசாகா

யுகாதாவைப் பத்தி, அதான் கோடையில கட்டுற மெல்லிசு கிமோனோவைப் பத்தி யாருமே சொல்லலியே. தென்ஜின் திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி எனக்குக் கட்டிவிட்டாங்க. மூணு துண்டு எடுத்துட்டு வான்னாங்க. ஜூலை மாசம், வேர்வைக்குத்தான்னு நினைச்சேன். மூணையும் மடிச்சு என் இடுப்பு மடிப்புல வச்சு நாடாவால கட்டிட்டாங்க! அவங்க கணக்குப்படி குண்டு ஒரு குறையே இல்ல, வளைவுதான் குறை. உடம்பு தோள்லேருந்து கீழ வரைக்கும் உருளை மாதிரி இருந்தாத்தான் துணி சுருங்காம நிக்குமாம். மார்பையும் அமுக்கத் தனி பாடி இருக்கு. நம்ம சிற்பிங்க இவங்ககிட்ட மாட்டியிருந்தா என்ன ஆகியிருப்பாங்களோ.

கிமோனோ துணி முப்பத்தாறு, முப்பத்தெட்டு சென்டிமீட்டர் அகலத்துல பன்னெண்டு மீட்டர் சுருள். நேர்க்கோட்டுலதான் வெட்டுவாங்க, மிச்சத்தை எறியாம தையலுக்குள்ளயே மடிச்சு விட்டுடுவாங்க. நம்ம டெய்லர் பிளவுஸ்ல "உள்ள துணி விட்டிருக்கேன், வேணும்னா பிரிச்சுக்குங்க"ன்னு சொல்வாரே, அதேதான். ரெடிமேடுல அந்தப் பேச்சுக்கே இடமில்ல. யுகாதா வாங்கறப்ப மார்பைப் பார்க்காதீங்க, பின்பக்கச் சுற்றைப் பாருங்க. மேல வர்ற ஓரம் வலது இடுப்புப் பக்கம் வரைக்கும் போய்ச் சேரணும். சேரலைன்னா நடக்கிறப்ப திறந்துக்கும். முதல் வருஷம் ரயில் படியில எனக்கு நடந்தது, விவரம் வேண்டாம்.

சிபா

நான் தைக்கிற கட்சி. நிப்போரியில தெரு முழுக்க துணிக்கடை, வெட்டுத்துணி மலிவா கிடைக்கும். ஜப்பான் தையல் புத்தகத்துல பேட்டர்ன் தாள் அழகா இருக்கும், ஆனா பெரும்பாலும் தையலுக்கு விடுற ஓரத்தை அதுல சேர்த்திருக்க மாட்டாங்க, நாமதான் விடணும். தெரியாம கோட்டு மேலேயே வெட்டினேன். ஏற்கெனவே 15-தான் பெரிய சைஸ், அதுலயும் ரெண்டு பக்கமும் போச்சு. அந்தச் சட்டையை இப்ப பக்கத்து வீட்டு அஞ்சாங்கிளாஸ் பொண்ணு போட்டுக்குது, நல்லாத்தான் இருக்கு.

நிஷிகசாய், டோக்கியோ

எல்லாத்தையும் படிச்சுட்டு நேத்து ராத்திரி டேப் எடுத்தேன். எனக்குச் சரியா இருக்கிற சுடிதார் டாப்பைத் தரையில விரிச்சு அளந்தா மிஹாபா 54. இத்தனை வருஷமா இதை ஏன் பண்ணலைன்னு தெரியல. ஆனா என்னை மாட்டிவிட்டது மார்பு இல்லையே, கை. புஜத்துக்கிட்ட இருக்கிற அகலத்துக்கு என்ன பேரு?

சைத்தாமா

சோதேஹாபா, அக்கா. அக்குளை ஒட்டி, கையைத் தட்டையா வச்சு அளக்கணும். விக்கிறவங்க போட்டிருக்கலைன்னா கீழ கமென்ட்ல கேளுங்க, அளந்து சொல்வாங்க. எனக்கு ஒருத்தங்க ராத்திரி 11 மணிக்கு டேப்போட படமே எடுத்து அனுப்பினாங்க.