முதல் கவிதைத் தொகுப்புக்குப் பதிப்பகம் பணம் கேட்கிறது: கையெழுத்திடலாமா?

மயூர் விகார் வாசகி (கேள்வி):

வணக்கம். தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். கவிதை எழுதுவது என் பொழுதுபோக்கு. மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் கைப்பேசியில் எழுதியவற்றை முகநூலில் பதிவிட்டுவந்தேன். அவற்றைப் படித்ததாகச் சொல்லிப் பதிப்பகம் ஒன்று தொடர்புகொண்டு, 96 பக்கத் தொகுப்பாகக் கொண்டுவரலாம் என்கிறது. அச்சுச் செலவு முழுவதையும் நான் ஏற்க வேண்டும், பிரதிகளில் பெரும்பகுதியை நானே வாங்கிக்கொள்ள வேண்டும், கவிதைகளின் உரிமை அனைத்தும் பதிப்பகத்தையே சேரும் என்று ஒப்பந்தத்தில் கண்டிருக்கிறது. இதழ் எதற்கும் நான் இதுவரை அனுப்பியதில்லை. இதில் கையெழுத்திடலாமா, முதலில் இதழ்களில் எழுதிப் பார்ப்பதா?

கரோல் பாக் அச்சுக்காரர்:

அம்மா, செலவு உங்களுடையது, பிரதிகளை வாங்குவதும் நீங்கள்தான் என்றால், அவர்கள் உங்களுக்குச் செய்வது அச்சிட்டுக் கொடுக்கும் வேலை மட்டுமே. அதற்குக் கூலி கேட்பதில் தவறில்லை. கூலியையும் வாங்கிக்கொண்டு உரிமையையும் கேட்பதுதான் தவறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரே முதல் உரிமையாளர். அவர் கையெழுத்திட்ட எழுத்துமூலமான ஆவணம் இல்லாமல் அந்த உரிமை இன்னொருவருக்கு மாறாது. எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஆவணத்தில் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே 'அனைத்து உரிமைகளும்' என்ற சொற்களுக்கு அருகில் 'நிரந்தரமாக', 'உலகெங்கும்' என்பன போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். அச்சு நூலுக்கு மட்டும், குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஆகியவை உங்களிடமே இருக்கட்டும்.

பக்கக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கங்களின் தொகுதியை ஃபாரம் என்போம்; ஒரு ஃபாரம் 16 பக்கம் என்பதால் 96 பக்கம் ஆறு ஃபாரம் ஆகிறது. நல்ல கவிதைகள் அதற்குக் குறைவாக இருந்தால், ஃபாரத்தை நிரப்புவதற்காகச் சுமாரானவற்றைச் சேர்க்க வேண்டாம். 64 பக்கத்தில் வந்த கவிதை நூலை யாரும் மெலிந்தது என்று ஒதுக்குவதில்லை.

ஆர்.கே.புரம் பழைய வாசகர்:

ஒப்பந்தத்தைப் பற்றி மேலே சொன்னவை சரி. ஆனால் இந்தத் தொகுப்பே இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. முகநூலில் விருப்பக்குறி இடுபவர் உங்கள் நண்பர். இதழாசிரியருக்கு உங்களை யார் என்றே தெரியாது. அப்படிப்பட்ட ஒருவர் ஐந்து கவிதைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு நான்கைத் திருப்பினால், எந்த ஒன்றை எடுத்தார் என்பதிலிருந்து கற்றுக்கொள்வதற்கு நிறைய இருக்கிறது. தில்லியில் இருந்துகொண்டு எப்படி என்று தயங்காதீர்கள். கணையாழி என்ற இலக்கிய இதழ் 1965இல் இந்த நகரத்தில்தான் தொடங்கப்பட்டது.

காலச்சுவடு, உயிர்மை போன்ற அச்சிதழ்களும் சொல்வனம் போன்ற இணைய இதழ்களும் இருக்கின்றன. எதற்கு அனுப்புவதாக இருந்தாலும் அதன் அண்மைய இதழ்கள் சிலவற்றைப் படித்துவிட்டு, அதில் உங்கள் கவிதைக்கு இடமிருக்குமா என்று நீங்களே தீர்மானியுங்கள். ஐந்தாறு கவிதைகளை யூனிகோட் எழுத்துருவில் ஒரே கோப்பாக அனுப்பினால் போதும். கவிதைக்கு விளக்கம் எழுதாதீர்கள், ஒரே கவிதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். முகநூலில் வந்ததை ஏற்கெனவே வெளியானதாகக் கருதும் ஆசிரியர்கள் உண்டு; எனவே புதிதாக எழுதுபவற்றை அங்கே இடுவதை இப்போதே நிறுத்திவிடுங்கள்.

1946இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கம் எங்கள் ஆர்.கே.புரத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள நூலகத்தில் அமர்ந்து முதல் தொகுப்புகளாகத் தேடிப் படியுங்கள். எதை எடுத்துக்கொள்வது என்பதைவிட எதை விடுவது என்பது அவற்றில் நன்றாகத் தெரியும்.

துவாரகா தமிழச்சி:

பெரியவரோடு எனக்குச் சிறிது மாறுபாடு உண்டு. எல்லோரும் இதழாசிரியரின் தேர்வுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதில்லை; பொழுதுபோக்காக எழுதுகிறவர் குடும்பத்தாருக்கும் தோழியருக்கும் கொடுக்கக் குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டுக்கொண்டால் அதில் இழிவு எதுவும் இல்லை. 1959இல் எழுத்து இதழைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்துசென்று கல்லூரி கல்லூரியாக விற்றவர். இப்போது தேவைக்கேற்ப 50 பிரதிகள்கூட அச்சிட முடிகிறது. ஐஎஸ்பிஎன் எண்ணைக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. அதற்கென்று தனித் தொகை கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்த எண் நூலுக்கு அடையாளம் மட்டுமே, பதிப்புரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நீங்களே பதிப்பாளர் என்றால் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும் வேறு மூன்று பொது நூலகங்களுக்கும் பிரதி அனுப்பும் பொறுப்பும் உங்களுடையதே. அவற்றுள் ஒன்று இங்குள்ள தில்லிப் பொது நூலகம்.

மயூர் விகார் வாசகி:

அனைவருக்கும் நன்றி. ஒப்பந்தத்தில் 'நிரந்தரமாக' என்ற சொல் இருக்கிறது. அவர்கள் அதை நீக்க மறுத்தால் கையெழுத்திடப் போவதில்லை. முகநூலில் இடாத கவிதைகள் சில இருக்கின்றன. அவற்றை இதழ்களுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். இதழில் வெளியான கவிதையைப் பின்னர் தொகுப்பில் சேர்க்க அந்த இதழின் அனுமதி வேண்டுமா?

கரோல் பாக் அச்சுக்காரர்:

நீங்கள் உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய வேண்டியதில்லை. இதழின் பெயரையும் வெளியான மாதத்தையும் தொகுப்பின் முன்பக்கத்தில் நன்றியோடு குறிப்பிடுவது வழக்கம். அதற்கு ஒவ்வொரு கவிதையும் எங்கே, எப்போது வந்தது என்று இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.