நீளமான வலைப்பக்கத்தில் தலைப்புக்குத் தலைப்பு தாவ வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. கம்ப்யூட்டரில் நீளநீளமான பக்கங்களை நிறையப் படிக்கிறேன். மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டி விரல் வலிக்கிறது என்று கீபோர்டுக்கு மாறிவிட்டேன்.

ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒரு திரை கீழே, ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் மேலே. ஹோம், எண்ட் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதிகம் கைகொடுப்பது கண்ட்ரோல் + எஃப். சொல்லை அடித்து என்டர் தட்டத் தட்ட அடுத்தடுத்த இடம் வரும். ஷிஃப்ட் + என்டர் பின்னோக்கிக் கொண்டுபோகும். ஃபயர்ஃபாக்ஸில் ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டிவிட்டு அடித்தால் இணைப்புகளில் மட்டும் தேடும். பொருளடக்கம் உள்ள பக்கங்களில் இது அருமை, அவசியம் முயன்று பாருங்கள்.

இரண்டு விஷயத்தில் உதவி வேண்டும். பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரில் ஹெச் தட்டினால் அடுத்த தலைப்புக்கும், 2 தட்டினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்கும் போகலாம். பார்த்துப் படிப்பவர்களுக்கு அதே வசதி தரும் நம்பகமான எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) இருக்கிறதா? பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் வாசிக்க அது அனுமதி கேட்கும் என்பதால், யார் செய்தது என்று தெரியாமல் போடத் தயக்கமாக இருக்கிறது.

இன்னொன்று, அடிக்குறிப்பு இணைப்பைச் சொடுக்கிப் போனால் ஆல்ட் + இடது அம்பு பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். தேடல் வழியாகவோ எண்ட் தட்டியோ தாவினால் அது வேலை செய்வதில்லை. விட்ட வரிக்குத் திரும்ப என்ன வழி? இப்போதைக்கு அதே பக்கத்தை இன்னொரு டேபில் திறந்துதான் தேடுகிறேன்.

நான் வைத்திருப்பது விண்டோஸ். நீங்கள் தினமும் பயன்படுத்தும் வழி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.