ஏப்ரல் 24-ல் ஆர்மேனியர் நிகழ்ச்சி: யாங்கோனில் எப்படி நடத்துவது?

தம்வே வாசகர்:
எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தில் ஏப்ரல் 24 மாலை 5 மணிக்கு ஆர்மேனியர் பற்றி இரண்டு மணி நேர நிகழ்ச்சி வைக்கலாம் என்று பேச்சு. மெட்ராஸ்–ரங்கூன் ஆர்மேனியர், டுடுக் என்ற ஆர்மேனியக் குழல் இசை, 1915 இனப்படுகொலை, ஆர்மேனியாவும் அஜர்பைஜானும் சண்டையிட்ட கராபாக் பகுதியின் நிலவரம் என எல்லாம் ஒரே மாலையில். ஆர்மேனியத் தலைநகர் எரெவானிலிருந்து ஒருவர், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஒருவர் ஜூமில் பேசுவார்கள். கடைசியில் சாப்பாடு. சரிவருமா?

மெர்ச்சன்ட் ரோடு:
ஒன்று தேதியை மாற்றுங்கள், இல்லையென்றால் நிகழ்ச்சியை மாற்றுங்கள். 1915 ஏப்ரல் 24 அன்றுதான் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஒட்டோமான் துருக்கிய அரசு ஆர்மேனிய அறிஞர்களையும் தலைவர்களையும் கைது செய்யத் தொடங்கியது. இனப்படுகொலையில் இறந்தவர்களுக்கான துக்க நாள் அது. அன்று பாட்டும் விருந்தும் வைத்தால் பேச வருகிறவரே முகம் சுளிப்பார்.

இங்கே பலர் தவறுவது இன்னொரு இடம். மெட்ராஸ், ரங்கூன் ஆர்மேனியரை 1915-ல் தப்பி வந்த அகதிகள் என்று சொல்லிவிடுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் வேறு வழி: பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1604–05-ல் ஜுல்பா என்ற ஆர்மேனிய ஊரிலிருந்து பெயர்த்து இஸ்பஹானுக்குப் பக்கத்தில் குடியேற்றியவர்களின் வம்சம், வணிகர்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் பாலம் கட்டிய பெட்ரஸ் உஸ்கான், 1794-ல் மெட்ராஸில் உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தரார்’ நடத்திய பாதிரியார் ஷ்மாவோன்யான், நம்மூர் ஸ்ட்ராண்ட் ஹோட்டலின் சர்க்கீஸ் சகோதரர்கள், எல்லாமே 1915-க்கு முந்தியவை. போ ஆங் ஜோ தெருவில் உள்ள ஆர்மேனியத் தேவாலயமும் 1862-ல் கட்டியது. 1942-ல் ஜப்பானியர் வந்தபோதுதான் இங்கிருந்த பலர் இந்தியா பக்கம் போனார்கள்.

ஆகவே மெட்ராஸ்–ரங்கூன் கதைக்கும் இசைக்கும் செப்டம்பர் 21 பொருத்தம், ஆர்மேனியாவின் சுதந்திர நாள். ஈஸ்டருக்கு 98 நாள் கழித்து வரும் வர்தவார் என்ற ஆர்மேனிய விழாவும் நல்லது. தண்ணீர் ஊற்றி விளையாடும் விழா என்பதால் திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர் விழா) பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஆனால் அது யாங்கோனில் அடைமழைக் காலம், வாளி தேவைப்படாது!

இன்வெர்ட்டர் அண்ணன்:
நேரக் கணக்கைப் பாருங்கள் தம்பி. நம் மாலை 5 மணி எரெவானில் பிற்பகல் 2:30, லாஸ் ஏஞ்சலஸில் அதிகாலை 3:30. அங்கிருப்பவர் கண் விழித்திருக்க வேண்டுமானால் காலை 9:30-க்கு வையுங்கள்: அவருக்கு முந்தின நாள் இரவு 8, எரெவானுக்குக் காலை 7. அமெரிக்காவில் நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்புவார்கள், அப்போது கணக்கு மாறும். ஆர்மேனியாவில் அந்த வழக்கம் 2012-லேயே போயிற்று.

கரண்ட்டை நம்பாதீர்கள். 300 வாட் ப்ரொஜெக்டரும் 60 வாட் லேப்டாப்பும் ஓட, 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இரண்டு மணி நேரம் தாங்காது (பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது). இரண்டு வையுங்கள். இரண்டு பேச்சையும் முன்பே பதிவு செய்து பென்டிரைவில் வாங்கிவிட்டு, கேள்வி–பதிலை மட்டும் நேரலையில் வையுங்கள். ஸ்லைடை பிடிஎஃப் ஆக்குங்கள், இல்லையென்றால் ஆர்மேனிய எழுத்து வேறு கணினியில் கட்டம் கட்டமாக நிற்கும். வார்டு அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குவதை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

மெர்ச்சன்ட் ரோடு:
கராபாக் பற்றியும் ஒன்று. பேசும் இருவரையும் ஒரே குரலாக எண்ண வேண்டாம். புலம்பெயர்ந்தவர்களில் பலர் ஒட்டோமான் நாட்டிலிருந்து தப்பியவர்களின் பேரப்பிள்ளைகள், பேச்சு மேற்கு ஆர்மேனியம். எரெவானில் கிழக்கு ஆர்மேனியம். 2018-ல் ஆர்மேனியப் பிரதமரான பாஷின்யானின் அரசு அஜர்பைஜானுடன் எடுத்த சமாதான முயற்சியைப் பற்றி இருவருக்கும் கருத்து வேறாக இருக்கலாம். மூன்று தேதிகளை முன்னுரையில் சொல்லிவிடுங்கள்: 2020-ல் ஆர்மேனியாவுக்கும் அஜர்பைஜானுக்கும் 44 நாள் போர், 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் தாக்குதலுக்குப் பின் கராபாக் ஆர்மேனியர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆர்மேனியாவுக்கு ஓடியது, 2025 ஆகஸ்ட் 8, வாஷிங்டனில் இரு நாட்டுச் சமாதான உடன்படிக்கை வரைவில் முன்னொப்பம் (இறுதிக் கையெழுத்துக்கு முன் இடும் சுருக்கொப்பம்). கேள்விகளைத் தாளில் எழுதி வாங்குங்கள், மைக்கைக் கையில் கொடுத்தால் கூட்டம் உங்களிடம் இருக்காது.

தம்வே வாசகர்:
நன்றி ஐயா, நன்றி அண்ணே. அப்படியானால் ஏப்ரல் 24-ல் காலை 9:30-க்கு 1915-ம் கராபாக்கும் மட்டும், பிறகு தேநீர். மெட்ராஸ்–ரங்கூனும் டுடுக்கும் செப்டம்பரில்.