பூட்ஸ்ட்ராப்: சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பாலிடெக்னிக் ஆய்வக ஆசிரியர், திருநெல்வேலி
வியாழன் இரவு

சொல்லாக்கக் குழுவில் அனைவருக்கும் வணக்கம்.

மூன்றாம் ஆண்டு வலையமைப்பு ஆய்வகத்துக்குத் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு பக்கத்தில் பதினொன்று முடிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் பூட்ஸ்ட்ராப் என்ற ஒரே ஒரு சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் நிற்கிறேன். திங்கள் காலை வகுப்பு. சனி மாலைக்குள் ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். எங்கள் ஆய்வகத் தீச்சுவர் (ஃபயர்வால், வலையமைப்புக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் பெட்டி) ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடுவது. பதிப்பை உயர்த்தப் போனபோது, மென்பொருளை இறக்கிக்கொள்ளும் களஞ்சியக் கிளை புதியதற்கு மாறிவிட்டது. மென்பொருள் தொகுப்புகளை நிறுவித் தரும் தொகுப்பு மேலாளரான பிகேஜி முந்திக்கொண்டு தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அடித்தள அமைப்பு மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது. அதற்கப்புறம் எந்தக் கட்டளை கொடுத்தாலும் ஒரே பதில்: லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.30 என்ற நூலகக் கோப்பு (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்பகுதி) இல்லை, பிகேஜிக்கு அது தேவை. ஃப்ரீபிஎஸ்டி 13இல் இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளின் 1.1.1 பதிப்பு, அதன் நூலகக் கோப்பு 111 என்று முடியும். 14இல் இருப்பது 3.0; கோப்பு 30 என்று முடியும். புதிய பிகேஜி புதிய நூலகத்தைக் கேட்கிறது. இந்தத் தீச்சுவரில் அடித்தளமும் தொகுப்பாகவே வருவதால், அந்த நூலகத்தைக் கொண்டுவர வேண்டியதும் பிகேஜிதான்.

வெளியே வரும் வழி எளிது. பிகேஜி-ஸ்டேட்டிக் என்று இன்னொரு நிரல் பக்கத்திலேயே இருக்கும். வேண்டிய நூலகங்களை எல்லாம் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருப்பதால் அது யாரையும் எதிர்பார்க்காது. கிளையைப் பழையபடி திருப்பி வைத்து, அதைக் கொண்டு பட்டியலைக் கட்டாயமாகப் புதுப்பித்து, பிகேஜியை மறுபடி நிறுவும் பூட்ஸ்ட்ராப் என்ற துணைக்கட்டளையை, கட்டாயப்படுத்தும் -எஃப் சேர்த்துக் கொடுத்தால் பிகேஜி பிழைத்துக்கொள்ளும். பிறகு முறைப்படி பதிப்பை உயர்த்தலாம்.

அந்தப் பூட்ஸ்ட்ராப்புக்குத்தான் சொல் கேட்கிறேன். போன பருவத்தில் ‘தொடக்கமேற்றல்’ என்று எழுதினேன். இரண்டு மாணவர்கள் அதை மறுதொடக்கம் என்று எடுத்துக்கொண்டு, பதிப்பு உயர்வு பாதியில் இருக்கும்போது மின்பொத்தானை அழுத்திவிட்டார்கள். பெட்டி எழவே இல்லை. யுஎஸ்பி வழியாக முதலிலிருந்து நிறுவி முடிக்க மாலை ஆகிவிட்டது. அவர்கள் செய்ததில் தவறில்லை. ‘தொடக்கம்’ என்று நான் எழுதியிருந்தேன், அவர்கள் தொடக்கினார்கள். ஆகவே தொடக்கம் என்ற சொல் எந்த உருவிலும் வேண்டாம். மற்றபடி எதுவானாலும் சரி.

மொழிபெயர்ப்பாளர், சென்னை
வெள்ளி காலை

பூட்ஸ்ட்ராப் என்றே எழுதுங்கள். மாணவர் விசைப்பலகையில் அடிக்கப்போவது அந்தச் சொல்லைத்தான். கையேட்டில் ஒன்று, திரையில் ஒன்று என்று இருந்தால் இரண்டையும் அவர் மனத்தில் முடிச்சுப் போட வேண்டும். பஸ், பேங்க், ஜெராக்ஸ் எல்லாம் தமிழ்நாட்டில்தான் வாழ்கின்றன. நீங்களே ‘நகலகம்’ என்று எழுதவில்லையே.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்
வெள்ளி நண்பகல்

தம்பிக்கு வாழ்த்து. பன்னிரண்டு பக்கம் எழுதியவருக்கு ஒரு சொல் கொடுக்க முடியாவிட்டால் இந்தக் குழு எதற்கு?

பூட்ஸ்ட்ராப் என்றால் பூட்சின் பின்பக்கத்து வார். அதைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற கற்பனையில் பிறந்த சொல். நம் வெயிலில் பூட்சும் இல்லை, வாரும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் நிலைமை நம் அடுக்களையில் தினமும் இருக்கிறது. தயிர் வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் தயிர் வேண்டும். இரவு பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, நேற்றைய மோரில் அரைக் கரண்டி விட்டு மூடி வைக்கிறோம். அந்த அரைக் கரண்டிக்குப் பெயர் உறை. பிகேஜி தயிர் என்றால் பிகேஜி-ஸ்டேட்டிக் உறைமோர்.

இது நான் வலிந்து பொருத்தியதில்லை. புறநானூறு 276ஐ எடுத்துப் பாருங்கள். மதுரைப் பூதன் இளநாகனார் பாட்டு. ஒரு முதியவளின் மகன் தனியொருவனாகப் பகைவர் படை முழுவதையும் நிலைகுலைக்கிறான். எதைப் போல? ஆய்மகள் நகத்தால் தெறித்த ‘குடப்பால் சில்லுறை போல’. ஒரு குடம் பால். நகநுனியில் ஒரு துளி. குடம் முழுவதும் வேறாகிவிடுகிறது. இதைவிடத் துல்லியமாகப் பூட்ஸ்ட்ராப்பை எந்த மொழி சொல்லியிருக்கிறது? ‘உறையிடல்’ என்று வையுங்கள். பெயர்ச்சொல்லாக ‘சில்லுறை’.

உறை என்பது உறு என்னும் வேரில் வந்தது என்பது என் எண்ணம். உறு, உறவு, உறுதி, உறையுள்: எல்லாவற்றிலும் ஒன்று இன்னொன்றில் சென்று படிவது இருக்கிறது. மோர் பாலில் சென்று உறுகிறது, பால் உறைகிறது. தன்வினையும் பிறவினையும் ஒரே சொல்லுக்குள் நிற்கின்றன.

இன்னொன்று. தீச்சுவர் என்று எழுதுகிறீர்கள். அரண் என்ற சொல் இருக்கையில் சுவர் எதற்கு? அரண் எப்படி இருக்க வேண்டும் என்று குறள் 745 சொல்கிறது: ‘கொளற்கரிதாய்க் கொண்டகூழ்த் தாகி’. முற்றுகை வந்தால் வெளியிலிருந்து எதுவும் வராது, ஆகவே உணவு உள்ளேயே இருக்க வேண்டும். நூலகங்களைத் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் நிரல் என்றீர்களே, அதுதான் கொண்டகூழ்.

மென்பொருள் பொறியாளர், பெங்களூரு
வெள்ளி பிற்பகல்

ஐயா, சில்லுறையைப் படித்துவிட்டு அந்தப் பாட்டைத் தேடி மூன்று முறை படித்தேன். ஆனால் கையேட்டில் அது வரக் கூடாது என்றே சொல்வேன்.

கணினி அசையாமல் நின்றுவிட்டால் நாங்கள் எல்லோரும் ‘உறைந்துவிட்டது’ என்கிறோம். உறையிடு என்று படித்த மாணவருக்கு இயந்திரத்தை நிறுத்தி வைக்கச் சொல்வதாகத்தான் படும். இன்னொரு பக்கம், ஒரு நிரலின் மேல் போர்த்தும் நிரலுக்கும் உறை என்றே எழுதுகிறோம், தலையணை உறை போல. ஏற்கெனவே இரண்டு பொருள் அடைத்துக்கொண்டிருக்கும் இடம் அது. தொடக்கம் என்ற சொல்லால் ஒரு பெட்டி விழுந்தது. உறை என்ற சொல்லால் இன்னொன்று விழ வேண்டாம். சரி, உறை வேண்டாம், உறை ஊற்றுவதை எங்கள் வீட்டில் சொல்வதுபோல் பிரை குத்துதல் என்று எழுதலாம் என்று பார்த்தால், பிரையைப் பாதிப் பேர் புரை என்பார்கள். புரை என்றால் குற்றம், குறளில் ‘புரைதீர்ந்த நன்மை’ என்பதில் வருவது. பாதுகாப்பு மென்பொருளில் புரை என்று எழுதினால் ஓட்டை என்று படித்துவிடுவார்கள்.

என் பரிந்துரை ‘தன்னேற்றம்’. தன் + ஏற்றம். தனிக்குறில் முன் ஒற்று இரட்டித்த எளிய புணர்ச்சி. தன்னைத் தானே ஏற்றிக்கொள்வது என்று பார்த்ததும் விளங்கும்.

கையேட்டுக்கு ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். பிழைச்செய்தி நூலகக் கோப்பைப் பற்றியதாக இருந்தால்தான் உங்கள் வழி. களஞ்சியச் சேவையகத்தின் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று வந்தால் எத்தனை முறை பூட்ஸ்ட்ராப் செய்தாலும் அதே பிழைதான் வரும்; அங்கே செர்ட்சிடிஎல் ரீஹாஷ் என்று கொடுத்துச் சான்றிதழ்க் கட்டை மறுபடி அடுக்கிப் பார்க்க வேண்டும். அப்புறம், இயங்குதளப் பதிப்பு பொருந்தவில்லை, அதைப் பொருட்படுத்தாமல் போக இப்படி ஒரு மாறியை அமை என்று பிகேஜியே ஒரு வழி காட்டும். மாணவர்கள் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டுவார்கள். அந்த வரியைக் கட்டம் கட்டி ‘வேண்டாம்’ என்று போடுங்கள். பழைய அடித்தளத்தின் மேல் புதிய தொகுப்புகளைக் கொட்டினால் இன்று ஒரு நூலகம் இல்லை என்பது நாளை இருபது நூலகம் இல்லை என்றாகும்.

பாடசாலை ஆசிரியர், யாழ்ப்பாணம்
வெள்ளி இரவு

வணக்கம். தன்னேற்றத்தில் எனக்கு ஒரு தடை. பதிவேற்றம், தரவேற்றம் என்று ஏற்றம் எல்லாம் கோப்பை அனுப்புவதற்குப் போய்விட்டது. எங்கட பிள்ளைகள் தன்னேற்றம் என்றால் தானாகவே பதிவேறுவது என்று நினைப்பினம். இரண்டு கிழமைக்கு ஒருக்கா இதை வகுப்பில் பார்க்கிறேன்.

அதைவிட, தொகுப்பு மேலாளர் என்று எழுதுவது ஏன்? தொகுப்பு என்றால் கவிதைத் தொகுப்பு, சிறுகதைத் தொகுப்பு. கட்டி அனுப்பி, பிரித்து எடுக்கும் ஒன்றுக்குப் பொதி என்பதே நல்ல சொல். பொதி மேலாளர், பொதிக் களஞ்சியம், பொதி பிரித்தல். ஒரு அடியிலிருந்து எல்லாம் வருகுது. தமிழ்நாட்டில் பொதி என்றதும் கழுதை நினைவுக்கு வருமென்று முன்பு ஒருவர் எழுதினார். கட்டுச்சோறும் பொதிசோறுதானே?

மொழிபெயர்ப்பாளர், சென்னை
வெள்ளி இரவு

பொதியா தொகுப்பா என்று இப்போது ஆரம்பித்தால் சனி மாலை ஆகிவிடும். அதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன். பதினொரு பக்கத்தில் தொகுப்பு என்றே அவர் எழுதி முடித்துவிட்டார்.

அரணும் அப்படித்தான். சொல் அழகு, பொருத்தமும் கூட. ஆனால் தீச்சுவர் என்பதை மாணவர்கள் முதல் ஆண்டிலிருந்தே படித்துவருகிறார்கள்.

பாலிடெக்னிக் ஆய்வக ஆசிரியர், திருநெல்வேலி
சனி நண்பகல்

எல்லோருக்கும் நன்றி. சான்றிதழ்த் திருத்தத்தையும் அந்தக் கட்டத்தையும் சேர்த்துவிட்டேன்.

காலையில் விடுதிக்குப் போய் நான்கு மாணவர்களிடம் கடைசிப் பக்கத்தைக் கொடுத்தேன். ஒரு பழைய கணினியில் அதே பிழையை வேண்டுமென்றே உண்டாக்கி வைத்திருந்தேன். நான்கு தாளிலும் ஒரு வரி மட்டும் வேறு.

‘உறையிடுக’ என்று படித்தவர் தாளை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எதை எதற்குள் இட வேண்டும் என்று கேட்டார். தயிர்க் கதையைச் சொன்னதும் கண் விரிந்தது. அவர் அம்மா தூக்குவாளியில் பக்கத்து வீட்டுக்குப் போய் உறைமோர் வாங்கி வருவார் என்றார். அதன் பிறகு அவர் தடுமாறவே இல்லை, மற்ற மூவருக்கும் அவரே விளக்கினார். ‘தன்னேற்றம் செய்க’ என்று படித்தவர் கேள்வி கேட்காமல் அடுத்த வரியில் இருந்த கட்டளையை அடித்தார். ஏன் அடித்தீர்கள் என்றால் சொல்லத் தெரியவில்லை. ‘பூட்ஸ்ட்ராப் செய்க’ என்று படித்தவரும் அடித்தார், ஆனால் பிகேஜி-ஸ்டேட்டிக்கை விட்டுவிட்டு வெறும் பிகேஜி என்று. அதே பிழை திரும்ப வந்தது. நான்காமவரிடம் போன பருவத்து ‘தொடக்கமேற்றல்’ தாளையே கொடுத்திருந்தேன். அவர் கை மின்பொத்தானுக்குப் போனது.

யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன பதிவேற்றக் குழப்பம் இந்த நால்வரிடம் வரவில்லை. நாற்பது பேரிடம் வராது என்று சொல்லமாட்டேன்.

குழுவிலும் தனிமடலிலும் வந்ததை எண்ணினால் தன்னேற்றத்துக்கு ஐந்து பேர், உறையிடலுக்கு இரண்டு, பூட்ஸ்ட்ராப்புக்கு ஒருவர். தன்னேற்றம் என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். முதல்முறை வரும் இடத்தில் மட்டும் பூட்ஸ்ட்ராப் என்பதையும் சேர்த்திருக்கிறேன். பிகேஜி-ஸ்டேட்டிக்குக்குத் ‘தன்னிறைவு நிரல்’ என்று போட்டேன், கொண்டகூழுக்குப் பேராசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும். கடை ஐந்து மணிக்கு மூடிவிடும்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்
சனி மாலை

தம்பி, அச்சுக்குப் போனது போகட்டும். பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும்.

உங்கள் மடலையே மறுபடி படியுங்கள். தன்னேற்றம் என்று படித்தவர் கட்டளையை அடித்தார், ஏன் என்று தெரியவில்லை. உறை என்று படித்தவர் நின்றார், கேட்டார், பிறகு மற்ற மூவருக்கும் சொல்லிக் கொடுத்தார். திங்கட்கிழமை வகுப்பில் தன்னேற்றம் என்றே கரும்பலகையில் எழுதுங்கள். எழுதிவிட்டு அந்த மாணவரையே எழுப்பி, அவர் அம்மா வாங்கி வரும் உறைமோரைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள்.