கதைகளில் சன்னல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: கதவு இருக்க, புனைகதை எழுத்தாளர்கள் பாத்திரங்களைச் சன்னலோரமே கொண்டுவந்து நிறுத்துவது ஏன்?

பதில் 1: கதவு வெளியே போக விடும், சன்னலோ பார்க்க மட்டுமே விடும் என்பதால், ஆசைக்கும் இயலாமைக்கும் நடுவே தவிக்கும் மனத்தைக் காட்ட அது பொருத்தமாக அமைகிறது. 1857இல் நூலாக வந்த ஃப்ளோபேரின் ‘மதாம் போவாரி’யில், சிற்றூர்களில் நாடக அரங்குக்கு ஈடாக இருப்பது சன்னல்தான் என்று கதைசொல்லியே குறிப்பிடுகிறார்.

பதில் 2: காஃப்காவின் ‘உருமாற்றம்’ (1915) கதையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பூச்சியாகிவிட்ட கிரெகோர் நாற்காலியைச் சிரமப்பட்டுத் தள்ளிச் சென்று, அதன்மேல் ஏறிச் சன்னலில் சாய்ந்துகொள்கிறான். ஆனால், பார்வை நாளுக்கு நாள் மங்கிவருவதால், முன்பு கண்ணை உறுத்திக்கொண்டிருந்த எதிர்ப்புற மருத்துவமனைகூட இப்போது அவனுக்குத் தெரிவதில்லை. சன்னல் இருந்தும் உலகம் இல்லாமல் போகும் இந்த இடத்தை என்னால் எளிதில் கடக்க முடிந்ததில்லை.

பதில் 3: சன்னல் வெளியே பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று. எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ (1847) நாவலில், இரவு தங்கவந்த லாக்வுட், மரக்கிளையைப் பிடிக்கக் கண்ணாடியை உடைத்து நீட்டிய கையில், இறந்துபோன கேத்தரினின் பனியாய்க் குளிர்ந்த சிறு விரல்கள் அகப்படுகின்றன. முடிவில் அவளைக் காதலித்த ஹீத்கிளிஃப் இறந்துகிடப்பதும் அதே சன்னலருகில்தான். அது திறந்து கிடக்க, படுக்கை மழையில் நனைந்திருக்கிறது.