ஹைடல்பர்க்கில் முனைவர் பட்டம்: முதலில் யாருக்கு எழுதுவது?

செந்தூல் மாணவி:
வணக்கம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் முதுகலை ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். தோட்டப்புறத் தாலாட்டு, ஒப்பாரிப் பாடல்களைப் பற்றி ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். விண்ணப்பப் படிவத்திலிருந்து தொடங்க வேண்டுமா? கட்டணம் குறித்து ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். அப்பா கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

பட்டர்வொர்த் வாசகர்:
தங்கைக்கு வணக்கம். படிவம் பிறகு. உங்கள் தலைப்பை மேற்பார்வையிட ஒரு பேராசிரியர் எழுத்து மூலம் சம்மதித்த பின்னரே, அங்குள்ள புலம் உங்களை முனைவர் பட்ட மாணவராக ஏற்பது பற்றி முடிவெடுக்கும். ஆகவே, எந்த ஊர்களில் யாரிடம் பாடல்களைச் சேகரித்தீர்கள், அவற்றிலிருந்து எதைக் கேட்கப் போகிறீர்கள் என்பதை இரண்டு பக்கத்தில் எழுதி, அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு அனுப்புங்கள்.

மதிப்பெண்ணிலும் கவனம் தேவை. ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 கடைசித் தேர்ச்சி. நான் என் முதல் மின்னஞ்சலில் உச்ச மதிப்பைக் குறிப்பிடாமல் '3.40' என்று மட்டும் எழுதி, தட்டுத் தடுமாறித் தேறியவன்போல் காட்சியளித்தேன். உச்சம் 4.0, தேர்ச்சி வரம்பு 2.0 எனக் கொண்டு அவர்களுடைய சூத்திரத்தில் போட்டால் அது 1.9 ஆகிறது, நல்ல மதிப்பெண்தான்.

கட்டணக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. ஹைடல்பர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் இளங்கலை, முதுகலை மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. முனைவர் பட்ட மாணவர்களுக்கு அது கிடையாது. பருவத்துக்கொருமுறை செலுத்தும் சிறு பங்களிப்புத் தொகை மட்டுமே.

கெப்போங் அக்கா:
கட்டணம் இல்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இதை மறைத்துவிடாதீர்கள்: உதவித்தொகையோ பல்கலைக்கழக வேலையோ இல்லாமல் விசா கேட்டால், வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முடக்கப்பட்ட கணக்கில் (மாதாமாதம் ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் எடுக்கவிடும் வங்கிக் கணக்கு) காட்டச் சொல்வார்கள். 2024 செப்டம்பரில் அத்தொகை ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்ந்தது. மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க முடியும். நம் ரிங்கிட்டில் கணக்கிட்டால் தலை சுற்றும். ஆகவே டாட் (DAAD, ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை) உதவித்தொகையின் கடைசி நாளை முதலில் பார்த்து, அதற்கேற்பப் பேராசிரியருக்கு எழுதும் நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தூல் மாணவி:
மிக்க நன்றி, அண்ணா, அக்கா. ஒரே ஓர் ஐயம்: வாய்மொழித் தேர்வு முடிந்ததும் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாமா?

பட்டர்வொர்த் வாசகர்:
இல்லை. ஆய்வேட்டை நூலாகவோ பல்கலைக்கழக நூலகத்தின் மின்பதிப்பாகவோ வெளியிட்டு, சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான். பாடியவர்களிடம் வெளியீட்டுக்கும் சேர்த்து இப்போதே ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிடுங்கள், பாட்டிமார் வயதானவர்கள்.