புதுப்பிப்பு: சிங்கப்பூரில் தோழியுடன் பிறந்தநாள் மாலை

சென்னையிலிருந்து வரும் நெருங்கிய தோழியுடன் என் பிறந்தநாளைச் சிங்கப்பூரில் அதிகச் செலவின்றி எங்கே கொண்டாடலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை கூறிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கரையோரப் பூந்தோட்டத்தின் (Gardens by the Bay) 'சூப்பர்ட்ரீ' எனும் செயற்கை மரங்களடியில் இரவு 7.45, 8.45 மணிக்கு இலவசமாக நடக்கும் ஒளி-இசைக் காட்சியைப் பரிந்துரைத்தவரின் யோசனையே மிகப் பொருத்தமாக அமைந்தது. இங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணியளவில் சூரியன் மறைந்துவிடுவதால் முதல் காட்சிக்கே நன்றாக இருட்டிவிடுகிறது. 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் அம்மரங்களை, தரையில் அருகருகே படுத்தபடி அண்ணாந்து பார்த்ததுதான், எவ்வளவோ காலமாகப் பிரிந்திருந்த எங்களுக்கு வாய்த்த மிகச் சிறந்த பரிசு.

எதிர்பாராத ஒன்று: எம்ஆர்டி ரயிலில் உண்பதற்கும் பருகுவதற்கும் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் உண்டு என்பது தோழிக்குப் புதிய செய்தி. கேக்கைப் பெட்டியில் மூடி எடுத்துச் செல்வதற்குத் தடையில்லை.